குத்தாமல், கீறாமல் முதுகெலும்பின் அசைவை அளப்பது எப்படி?

குனிந்து கால் விரலைத் தொட்டுவிட்டால் முதுகு நன்றாக வளைகிறது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படித் தொடுகிறவரைப் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள். சிலருக்கு முதுகு பலகை மாதிரி நேராகவே இருக்கும், குனிந்தது முழுக்கத் தொடை மூட்டு. இன்னொருவருக்குத் தொடையின் பின்தசை இறுக்கம், கை முழங்காலைத் தாண்டாது, ஆனால் கீழ்முதுகு வில் மாதிரி வளைந்திருக்கும். விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்தால் முதல் ஆளுக்கு முழு மார்க், இரண்டாவது ஆள் ஃபெயில். முதுகைப் பொறுத்தவரை இது தலைகீழான தீர்ப்பு.

முதுகெலும்பை அளக்கும்போது எண் கிடைப்பது பெரிய விஷயமே இல்லை, ஒரு இஞ்ச் டேப்பே எண் தரும். அந்த எண்ணில் முதுகு எவ்வளவு, தொடை மூட்டு எவ்வளவு, தோல் வழுக்கியது எவ்வளவு, உங்கள் கை தடுமாறியது எவ்வளவு என்று பிரித்தெடுப்பதில்தான் வேலையே இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

ஒரு சொல் தகராறை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். 'இடுப்பு' என்று நாம் பேச்சில் சொல்வது கீழ்முதுகையும் குறிக்கும், தொடை சேரும் மூட்டையும் குறிக்கும். இங்கே இரண்டையும் கலந்தால் எல்லாம் கெட்டுவிடும். அதனால் விலாவுக்குக் கீழே உள்ள முதுகைக் கீழ்முதுகு என்றும், தொடை எலும்பு பொருந்தும் இடத்தைத் தொடை மூட்டு என்றும் மட்டுமே எழுதப்போகிறேன். கழுத்தில் 7, மேல்முதுகில் 12, கீழ்முதுகில் 5 என்று மொத்தம் 24 அசையும் முள்ளெலும்புகள். அவற்றுக்குக் கீழே, ஐந்து எலும்புகள் ஒன்றாக ஒட்டிப்போன திருவெலும்பு. அது இடுப்புக் கூட்டோடு சேர்ந்துதான் சாயும், அதனால் நமக்கு அது ஒரு நல்ல ஆதாரப் புள்ளி.

எதற்காக இந்தச் சுற்றுவழி?

எலும்பு எவ்வளவு நகர்கிறது என்று சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டுமானால் எலும்பையே பிடிக்க வேண்டும். அதையும் செய்திருக்கிறார்கள். 1967-ல் கிரெகர்சன், லூகாஸ் என்ற இருவர், தன்னார்வலர்களின் முள்ளெலும்புகளில் உலோக ஊசிகளை இறக்கி, அந்த ஊசிகளோடேயே நடக்கவைத்து, முதுகு எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார்கள். அறிவுக்கு நல்லது, ஆனால் தெரிந்தவர் யாரையும் அதற்குக் கூப்பிட முடியாது. எக்ஸ்ரே தோலைக் குத்துவதில்லை என்றாலும் கதிர்வீச்சு இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் அசைவை மாதாமாதம் பார்ப்பதற்கு எக்ஸ்ரே எடுப்பது நியாயமில்லை. மிச்சம் இருப்பது தோலின் மேலிருந்து அளப்பது. தோல் எலும்பின் மேல் வழுக்கும், குனியும்போது இழுபடும், பின்னால் வளையும்போது மடியும். இந்தக் குறையைத் தெரிந்துகொண்டு அளந்தால் தோல்வழி முறைகள் நன்றாகவே உதவும்.

யாரை அளக்கக் கூடாது

அளப்பது என்றால் ஒருவரை அவரது எல்லைவரை வளையச் சொல்வது. அதனால் சமீபத்தில் விழுந்தவர், அடிபட்டவர், எலும்புத் தேய்மானத்தால் முள்ளெலும்பு நொறுங்கியவர், முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் அனுமதி கிடைக்காதவர், காய்ச்சலோடு முதுகு வலி உள்ளவர், காரணமில்லாமல் எடை குறைந்தவர், காலில் பலவீனமோ மரத்துப்போவதோ கூடிக்கொண்டே வருகிறவர், இவர்களை விட்டுவிடுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, இரு தொடைகளுக்கும் இடையே உள்ள பகுதியில் உணர்ச்சி மங்கினாலோ டேப்பை வைத்துவிட்டு அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களின் கழுத்தை டாக்டர் பார்க்காமல் தொடாதீர்கள், மேல் இரண்டு முள்ளெலும்புகள் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அளக்கும்போது வலியோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

தேவையானவை

நீளாத இஞ்ச் டேப் (பழைய துணி டேப் இழுபட்டிருக்கும், ஒரு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்), தோலில் எழுதி அழிக்கக்கூடிய பேனா, சாய்வுமானி ஆப் (சாய்வை டிகிரியில் காட்டுவது) உள்ள இரண்டு போன், ஒரு சுவர், முதுகு சாயும் நாற்காலி ஒன்று, பாய், நோட்டு. அளக்க ஒருவர், எண்ணை எழுத ஒருவர் இருந்தால் ரொம்ப நல்லது. தன்னைத்தானே அளந்துகொள்வது கழுத்துக்கு ஓரளவு முடியும், கீழ்முதுகுக்கு முடியாது.

படி 1: நேரமும் வார்ம்-அப்பும்

இதை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், பாதிக் குளறுபடி இங்கேதான் தொடங்குகிறது. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் (முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகள்) தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்து நின்றதும் உடல் எடையால் அந்தத் தண்ணீர் மெல்லப் பிழியப்படும். ஒரு நாளில் நம் உயரம் ஏறக்குறைய 1% குறைவது இதனால்தான், அதில் பாதியளவு எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுகிறது. உப்பிய டிஸ்க் விறைப்பாக இருக்கும். காலையில் அளந்த கீழ்முதுகுக் குனிதலைவிட மாலையில் 5 டிகிரி அளவுக்குக் கூடுதலாக வரலாம் என்று 1987-ல் ஆடம்ஸ் குழுவினர் காட்டினார்கள். அதாவது ஒருவரைத் திங்கள் காலை 7 மணிக்கும், அடுத்த வாரம் மாலை 5 மணிக்கும் அளந்துவிட்டு, பயிற்சி பலித்துவிட்டது என்று மகிழ்ந்தால் அந்தப் பெருமை பயிற்சிக்குச் சேராது, கடிகாரத்துக்குத்தான் சேரும்.

எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு அளங்கள். அடுத்த முறையும் அதே நேரம். அளப்பதற்கு முன் முன்னால், பின்னால், இரு பக்கம், திரும்புதல் என்று ஒவ்வொன்றையும் நான்கைந்து தடவை நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள். முதல் குனிதல் எப்போதும் கஞ்சத்தனமாகத்தான் வரும், மூன்றாவது நான்காவதில்தான் உண்மையான அளவு தெரியும்.

படி 2: எலும்பைக் கண்டுபிடித்துக் குறி போடுவது

செருப்பில்லாமல், பாதங்கள் இடுப்பு அகலத்தில், கைகள் தொங்க, கண் நேரே பார்க்க நிற்கச் சொல்லுங்கள். இதுதான் உங்கள் சுழி (பூஜ்ய) நிலை. குறி எல்லாவற்றையும் இந்த நிலையில்தான் போட வேண்டும். குனிந்தபிறகு குறி நகர்ந்த மாதிரி தெரிந்தால் திருத்தாதீர்கள், நகர்ந்தது தோல்.

கீழ்முதுகின் அடியில், நடுக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு சின்னக் குழிகள் பலருக்குத் தெரியும். குழி தெரியாவிட்டால் இடுப்பு எலும்பின் விளிம்பைப் பின்பக்கமாகத் தடவிக்கொண்டே வாருங்கள், அது முடிகிற முண்டு அங்கேதான் இருக்கும். இரண்டையும் இணைத்து ஒரு கிடைக்கோடு போட்டால் அது திருவெலும்பின் இரண்டாம் கட்ட உயரம். அடுத்து, இடுப்பு எலும்பின் மேல் விளிம்புகளில் இரு கைகளையும் வைத்துக் கட்டைவிரல்களை நடுவில் சேர்த்தால், தோராயமாக நான்காவது கீழ்முதுகு முள்ளெலும்பில் வந்து நிற்கும். அங்கிருந்து ஒவ்வொரு முண்டாக மேலே எண்ணுங்கள்: மூன்று, இரண்டு, ஒன்று, அதற்கு மேல் வருவது மேல்முதுகின் 12-வது.

கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் முண்டு பொதுவாக 7-வது கழுத்து முள்ளெலும்பு, ஆனால் சிலருக்கு அதற்கு மேலோ கீழோ உள்ளதும் துருத்தும். சந்தேகம் வந்தால் இரண்டு முண்டின் மேலும் விரல் வைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். விரலுக்கு அடியில் நழுவி உள்ளே போவது 6-வது, அசையாமல் நிற்பது 7-வது.

எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஒரு கட்டம் மேலே கீழே தப்பிவிடும், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் 'எந்த எலும்பு' என்று பெயர் எழுதுவதோடு, குழிக்கோட்டிலிருந்து எத்தனை செ.மீ. மேலே குறி போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை எண்ணிக் கண்டுபிடிப்பதைவிட அளந்து வைப்பது நம்பகமானது.

படி 3: இஞ்ச் டேப்பால் கீழ்முதுகு

1937-ல் ஷோபர் என்ற ஜெர்மன் மருத்துவர் சொன்ன எளிய யோசனை இது: முதுகில் இரண்டு புள்ளி வைத்து, குனியும்போது அவற்றின் இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. அவர் கீழ்ப்புள்ளியைக் கீழ்முதுகும் திருவெலும்பும் சேரும் இடத்திலும், மேல்புள்ளியை அதற்கு 10 செ.மீ. மேலேயும் வைத்தார். 1969-ல் மக்ரே, ரைட் இருவரும் குழிக்கோட்டுக்கு 5 செ.மீ. கீழே ஒன்று, 10 செ.மீ. மேலே ஒன்று என்று 15 செ.மீ. இடைவெளியாக மாற்றினார்கள். கீழ்ப்புள்ளி அவ்வளவு தாழ்வாக இருந்தால் தோல் அங்கே அதிகம் நகராது, கட்டம் தப்பினாலும் முடிவு பெரிதாக மாறாது என்பது காரணம். அவர்கள் எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டபோது ஒட்டுறவு 0.97 வந்தது (1 என்றால் முழுப் பொருத்தம்). பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு தாராளமாக இல்லை. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: குழிக்கோட்டையே கீழ்ப்புள்ளியாக வைத்து, மேலே 15 செ.மீ.

நான் சொல்வது இரண்டாவது வகையை. குழிக்கோட்டின் நடுவிலிருந்து 5 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே புள்ளி வையுங்கள். டேப்பின் சுழி கீழ்ப்புள்ளியில். முழங்கால் மடங்காமல், தாடையை மார்புப் பக்கம் கொண்டுவந்து, முதுகை மேலிருந்து சுருட்டிக்கொண்டே குனியச் சொல்லுங்கள். டேப்பை முதுகு வளைவோடு ஒட்டிப் பிடியுங்கள், இழுக்காதீர்கள், தொங்கவும் விடாதீர்கள். 15 செ.மீ. 20-ஐத் தாண்டினால், அதாவது 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால், பெரியவர்களுக்குப் பொதுவாக இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். வயதானவர்களுக்கு இது குறையும்.

எந்த வகை என்று நோட்டில் கட்டாயம் எழுதுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் விட்டு, மூன்று வாரம் கழித்து மூன்றாவது வகையில் அளந்துவிட்டு, ஏறக்குறைய 1 செ.மீ. முன்னேற்றம் என்று எதிரில் இருந்தவரையும் சந்தோஷப்படுத்திவிட்டேன். பிறகு இருவரும் சேர்ந்து அந்தச் சந்தோஷத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

பக்கவாட்டுச் சாய்வுக்கும் டேப் போதும். சுவரில் குதிகால், பின்புறம், தோள் மூன்றும் படும்படி நிற்கவைத்து, நடுவிரல் நுனி தொடையில் தொடும் இடத்தில் ஒரு குறி, பக்கவாட்டில் முழுதாகச் சாய்ந்தபின் இன்னொரு குறி, இடைவெளியை அளங்கள். எதிர்ப்பக்கக் குதிகால் தூக்கினால் அந்த முயற்சி செல்லாது. இந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதைவிட இடதையும் வலதையும் ஒப்பிடுவதில்தான் பயன் அதிகம். பின்னால் வளைவதை டேப்பால் அளக்கலாம் என்று சொல்வார்கள், புள்ளிகள் நெருங்கி வருவதைப் பார்ப்பது. தோல் மடிப்பு விழுந்துவிட்டால் அது வெறும் ஊகம்தான், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

படி 4: இரண்டு சாய்வுமானி

இந்தப் படி கைவந்துவிட்டால் மற்றவை சின்ன விஷயம். சாய்வுமானி என்பது புவியீர்ப்பை வைத்து ஒரு பரப்பு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் கருவி. கட்டிட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1984-ல் மேயர் குழுவினர் இரட்டைச் சாய்வுமானி முறையை, முதுகு வலி இல்லாதவர்களிடமும் நாள்பட்ட முதுகு வலி உள்ளவர்களிடமும் பயன்படுத்தி, எக்ஸ்ரே அளவோடு அது ஒத்துப்போவதையும் காட்டினார்கள். இப்போது அந்தக் கருவி எல்லார் பாக்கெட்டிலும் போன் வடிவத்தில் கிடக்கிறது.

முதலில் போனைச் சோதியுங்கள். சமமான மேஜையில் படுக்கவைத்தால் 0, சுவரில் நிறுத்தினால் 90 வர வேண்டும், இரண்டு போனும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். போனின் பின்பக்கம் கேமரா துருத்திக்கொண்டிருந்தால் அது ஆடும், கவரைப் போட்டுச் சமமாக்குங்கள் அல்லது போனின் நீளப் பக்க விளிம்பைப் பயன்படுத்துங்கள். இன்னொரு சிக்கல் நீளம். முதுகு வளையும்போது 15 செ.மீ. நீளப் போன் வளைவின் மேல் பாலம் மாதிரி நிற்கும், அல்லது ஒரு முனையில் தொற்றிக்கொண்டு ஆடும். 3 செ.மீ. அகலச் சின்ன மரத்துண்டையோ தடிமனான அழிப்பானையோ போனின் நடுவில் ஒட்டிவிட்டால், ஒரே இடத்தில் நின்று அந்த இடத்தின் சாய்வை மட்டும் சொல்லும்.

மேல் போனை 12-வது மேல்முதுகு முள்ளெலும்பின் குறியில் வையுங்கள், கீழ்ப் போனைத் திருவெலும்பில். நிமிர்ந்து நிற்கும்போது இரண்டையும் சுழியாக்குங்கள். குனியச் சொல்லுங்கள். முழுதாகக் குனிந்ததும் இரண்டு எண்ணையும் படியுங்கள். மேல் போன் 95, கீழ்ப் போன் 43 என்று காட்டினால், மொத்தச் சாய்வு 95, அதில் தொடை மூட்டு கொடுத்தது 43, மிச்சம் 52 டிகிரிதான் கீழ்முதுகின் குனிதல். தொடக்கத்தில் சொன்ன இரண்டு பேரையும் இப்போது அளந்து பாருங்கள். பலகை முதுகுக்காரருக்கு மேலே 100, கீழே 75 வரலாம், கீழ்முதுகு வெறும் 25. கை எட்டாதவருக்கு மேலே 70, கீழே 15, கீழ்முதுகு 55. அந்த ஒரு கழித்தலில் எல்லாம் நேராகிவிடும்.

பின்னால் வளைவதற்கும் இதே வழிதான், முழங்கால் மடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போன் நழுவிவிடும், கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதும் தசைமேட்டைத் தவிர்த்து நடுக்கோட்டில் வைப்பதும் முக்கியம். பக்கவாட்டுச் சாய்வுக்குப் போனை முதுகின் குறுக்கே வைத்து அதே இரண்டு இடங்களில் படித்துக் கழியுங்கள். சாயும்போது உடம்பு முன்னாலும் குனிந்தால் எண் பொய் சொல்லும்.

ஒரே எண்ணை நம்பாதீர்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஊன மதிப்பீட்டு நூலின் 5-ம் பதிப்பு (2000) ஒரு நல்ல விதி வைத்திருந்தது: தொடர்ந்து மூன்று அளவு எடுங்கள், அவை சராசரியிலிருந்து 5 டிகிரிக்குள்ளோ 10 சதவீதத்துக்குள்ளோ இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு தடவை வரை முயலுங்கள், அதற்கும் ஒத்துவராவிட்டால் அன்றைய அளவை ஏற்காதீர்கள். இழப்பீட்டு வழக்குகளுக்காக எழுதிய விதிதான், இருந்தாலும் நம் வேலைக்குப் பொருந்துகிறது. அதே பதிப்பு கீழ்முதுகுக்குக் குனிதல் 60, பின்னால் வளைதல் 25, ஒவ்வொரு பக்கமும் சாய்தல் 25 டிகிரி என்று வைத்திருந்தது. அடுத்த பதிப்பில் முதுகெலும்பு ஊனத்தைக் கோணத்தை வைத்து மதிப்பிடும் முறையையே கைவிட்டார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்வம் இருந்தால் இன்னொன்று செய்யலாம். முழுக் குனிதலை மட்டும் படிக்காமல், இரண்டு போன் திரையும் தெரியும்படி வீடியோ எடுங்கள். மேல் போன் ஒவ்வொரு 15 டிகிரி கடக்கும்போதும் கீழ்ப் போன் என்ன சொல்கிறது என்று குறித்து வாருங்கள். பொதுவாகக் குனிதலின் தொடக்கத்தில் கீழ்முதுகின் பங்கு அதிகம், கடைசியில் தொடை மூட்டின் பங்கு அதிகம், நிமிரும்போது தொடை மூட்டு முதலில் கிளம்பும். முடிவு எண் ஒன்றாக இருக்கும் இரண்டு பேர் அங்கே போய்ச் சேர்ந்த வழி வேறு வேறாக இருப்பதை இதில்தான் பார்க்க முடியும்.

படி 5: திரும்புதல்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நின்றபடி உடம்பைத் திருப்பினால் சாய்வுமானி ஆப் அசையாது. காரணம் எளிது, செங்குத்து அச்சில் சுற்றும்போது புவியீர்ப்பின் திசை போனுக்கு மாறுவதே இல்லை. திசைகாட்டியைப் பயன்படுத்தலாம் என்றால் பக்கத்தில் இரும்பு நாற்காலி, கட்டில், கட்டிடக் கம்பி இருந்தால் அது குழம்பும். போனுக்குள் இருக்கும் சுழற்சி சென்சார் கொஞ்ச நேரத்துக்குச் சரி, பிறகு சும்மா இருந்தாலும் எண் மெல்ல நகர்ந்துகொண்டே போகும்.

இரண்டாவது ஏமாற்றம் கீழ்முதுகு. அங்கே முள்ளெலும்புகளின் பின்பக்கச் சின்ன மூட்டுகள் திரும்புதலைத் தடுக்கும் விதத்தில் அமைந்திருக்கின்றன. ஒரு கட்டத்துக்கு ஒரு பக்கம் ஒன்றிரண்டு டிகிரிதான் திரும்பும். தோலின் மேல் வைத்து அளக்கும்போது உங்கள் பிழையே அதைவிடப் பெரிது. கீழ்முதுகு எவ்வளவு திரும்புகிறது என்று தோல்வழியாக அளந்து யாராவது தசம எண்ணில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அளக்க வேண்டியது மேல்முதுகை. கீழ்முதுகை முடக்கிவிட்டு, உடம்பைக் கிடைமட்டமாக்கிவிட்டால் இரண்டு பிரச்சினையும் ஒரே அடியில் தீரும். பாயில் முழங்கால் போட்டு, குதிகால் மேல் உட்கார்ந்து, முன்னால் குனிந்து முழங்கைகளை முழங்கால்களுக்கு முன்னால் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். ஒரு கையைப் பிடரியில் வைத்து, அந்தப் பக்க முழங்கையைக் கூரையை நோக்கித் திருப்ப வேண்டும், பின்புறம் குதிகாலை விட்டு எழும்பக் கூடாது. போனைத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் குறுக்காக வைத்து, தொடக்கத்தில் சுழி, முடிவில் எண். தோள்பட்டை எலும்பின் மேல் போன் ஏறினால் மேல்முதுகு திரும்பியதையும் தோள் இழுத்ததையும் சேர்த்துச் சொல்லும், அதனால் நடுக்கோட்டை விட்டு நகராதீர்கள்.

படி 6: கழுத்து

நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரவையுங்கள். ஒரு போன் காதுக்கு மேலே தலையின் பக்கத்தில், இன்னொன்று கழுத்தடி முண்டுக்குக் கீழே. முன்னால் குனிய, பின்னால் சாய, இரண்டையும் கழித்துக்கொள்ளுங்கள். தலை ஆடும்போது மேல்முதுகும் சேர்ந்து ஆடுகிறது என்பதால் கீழ்ப் போன் இல்லாமல் எடுத்த எண் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே வரும். பக்கவாட்டுக்குப் போனை நெற்றியின் குறுக்கே வையுங்கள்.

திரும்புதலுக்குப் படுக்கவைத்துவிடுங்கள், தலையணை வேண்டாம். நெற்றியில் போன், மூக்கு கூரையைப் பார்க்கும்போது சுழி, பிறகு தோள் எழும்பாமல் திரும்பச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன நூல் கழுத்துக்கு வைத்த அளவுகள்: முன்னால் 50, பின்னால் 60, ஒவ்வொரு பக்கமும் சாய்தல் 45, திரும்புதல் 80. அந்த 80-ல் ஏறக்குறைய பாதி, மேலே உள்ள முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் மட்டும் நடக்கிறது. அதைத் தனியாகப் பார்க்கக் கழுத்தை முழுதாக முன்னால் மடித்துத் திருப்பும் சோதனை ஒன்று உண்டு, வலி இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் 44 டிகிரி அளவில் வரும். அதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்யட்டும், வீட்டு விளையாட்டு இல்லை.

மேல்முதுகின் கூனலுக்கு ஒரு குறுக்குவழி: சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நின்று, தாடையைத் தூக்காமல் தலையைப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். பின்மண்டை சுவரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் காதுத் துளைக்கு முன்னால் உள்ள மடலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து வையுங்கள், 15 செ.மீ.க்குள் இருந்தால் கவலை இல்லை.

சென்சார்கள், கேமராக்கள்

ஆய்வுக்கூடங்களில் உடலில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டைகளை ஒட்டிப் பல கேமராக்களால் பிடிக்கிறார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மராஸ் உருவாக்கிய லம்பர் மோஷன் மானிட்டர், முதுகில் கட்டிக்கொண்டே வேலை செய்யக்கூடிய கருவி, கோணத்தோடு வேகத்தையும் முடுக்கத்தையும் சொல்லும். டேப்பும் போனும் நின்ற எல்லையை மட்டும் சொல்ல, இவை போகிற வழியையும் வேகத்தையும் நொடிக்கு நொடி தருகின்றன, அந்த லாபம் பெரியது. ஆனால் எத்தனை லட்சம் போட்டு வாங்கிய கேமராவும் பார்ப்பது தோலின் மேல் ஒட்டிய உருண்டையைத்தான். எலும்புக்கும் உருண்டைக்கும் நடுவில் உள்ள அதே வழுக்கல் அங்கேயும் இருக்கிறது. கழுத்து, கீழ்முதுகு என்று பகுதி பகுதியாகப் பார்ப்பதற்கு இந்த முறைகள் நம்பகம், ஒற்றை முள்ளெலும்பு எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு இல்லை.

படி 7: உங்கள் பிழையை அளப்பது

இதைச் செய்யாமல் யாருடைய முதுகைப் பற்றியும் கருத்துச் சொல்ல வேண்டாம் என்பேன். எட்டு பத்துப் பேரைப் பிடியுங்கள். ஒரு நாள் அளங்கள், குறியை அழித்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து அதே நேரத்தில், பழைய எண்ணைப் பார்க்காமல், புதிதாகக் குறி போட்டு அளங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள்.

டேப் முறையில் எட்டுப் பேருக்கு வித்தியாசம் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 0.3, -0.2, 0.5, -0.4, 0.1, -0.3, 0.4, 0.0 செ.மீ. இவற்றின் சராசரி 0.05, சுழிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் நீங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து தப்புச் செய்யவில்லை. திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 0.33. அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.65. 1986-ல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் பரப்பிய வழி இதுதான். அர்த்தம் என்ன? நீங்கள், உங்கள் கையால், இந்த முறையில் அளக்கும்போது, முதுகு மாறாமலே எண் 0.65 செ.மீ. வரை தானாகக் கூடலாம், குறையலாம். ஒரு மாதம் பயிற்சி செய்தவருக்கு 0.4 செ.மீ. கூடியிருக்கிறது என்றால், கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம், உங்கள் டேப்புக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை. 1.2 செ.மீ. என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.

அளப்பவர் மாறினால் இந்தக் கணக்கு செல்லாது, அவருக்குத் தனியாகப் போட வேண்டும். முடிந்தவரை ஒரே ஆள், ஒரே கருவி.

இயல்பு என்றால் எது?

மேலே சொன்ன டிகிரிகள் எதுவும் பாஸ் மார்க் இல்லை. வலி இல்லாத ஆரோக்கியமான இருவருக்கு நடுவிலேயே பெரிய வித்தியாசம் இருக்கும், வயது ஏற ஏறப் பெரும்பாலான திசைகளில் குறையும், பின்னால் வளைவது குறிப்பாகக் குறையும். அசைவு குறைவதும் வலியால் அன்றாட வேலை கெடுவதும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கமாகப் போவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. 45 டிகிரி குனிகிறவரிடம் 'உங்களுக்கு 15 டிகிரி குறைகிறது' என்று சொல்லிப் பயமுறுத்துவது நியாயமில்லை, அவர் இருபது வயதிலும் 45-தான் குனிந்திருப்பார், யார் கண்டது. நான் பார்ப்பது மூன்றை: அவருடைய போன மாத எண், அவருடைய இடதும் வலதும், குனியும்போது எந்த இடத்தில் தயங்குகிறார் என்பது. அட்டவணை எண் அதற்கெல்லாம் பின்னால்.

எழுதி வைப்பது

தேதி, நேரம், எழுந்து எத்தனை மணி நேரம், வார்ம்-அப் எத்தனை தடவை, எந்த முறை, எந்த வகை, குறிகளின் தூரம், எந்தப் போன், மூன்று அளவும் தனித்தனியாக (சராசரியை மட்டும் எழுதினால் பிறகு பிழையைத் தேட முடியாது), வலி இருந்ததா, எந்தக் கோணத்தில், அளந்தது யார். அப்புறம், குறியைத் துடைப்பதற்கு முன்னால் சம்மதம் கேட்டு, டேப்பைப் பக்கத்தில் வைத்து முதுகை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அந்த முதல் புள்ளியை எங்கே வைத்தோம் என்று தலையைச் சொறியும்போது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.